கார் சரியாகிவிட்டது, விலை சரியாகவில்லை: மதிப்பிழப்பு இழப்பீடு என்றால் என்ன?

காரை விற்கப் போயிருந்தேன். கையடக்கமான ஒரு கருவியை டீலரின் மேலாளர் என் கேம்ரி காரின் முன்கதவில் வைத்தார். 4.6 என்று காட்டியது. பின்கதவில் 4.8. வலப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே வைத்ததும் எண் 11.3-க்குத் தாவியது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. குனிந்து டிக்கியைத் திறந்தார், விரிப்பைத் தூக்கினார், அடித்தகட்டில் பசை பூசியிருந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகுதான் கேட்டார்: “பின்னாலிருந்து இடித்தார்களா?”

பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று அளக்கும் கருவி அது. தொழிற்சாலையில் பூசியது என்றால் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மில், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கிலிருந்து ஆறு பங்கு. பதினொன்று வந்தால் அங்கே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். “வேலை சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்” என்றார் அவர். “ஆனாலும் 2,500 டாலர் குறைத்துத்தான் எடுக்க முடியும். என்னிடம் வாங்குகிறவரும் இதையேதான் கேட்பார்.”

அது 2024 கோடைகாலம். விபத்து நடந்தது 2021 மார்ச்சில், அட்லாண்டாவுக்கு வடக்கே 400-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் இடத்தில். சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த என் காரை, பின்னால் வந்த கல்லூரி மாணவி ஒருவர் இடித்துவிட்டார். தவறு முழுக்க அவருடையது என்று போலீஸ் அறிக்கை சொன்னது. அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனம் பழுது பார்த்த செலவு 7,400 டாலரையும், இரண்டு வாரம் வாடகைக் கார் எடுத்த செலவையும் முணுமுணுக்காமல் கொடுத்தது. நானும் கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். தீரவில்லை. அந்த 2,500 டாலரும் அவர்கள் தர வேண்டிய கணக்கில்தான் இருந்தது. நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இதற்கு டிமினிஷ்ட் வேல்யூ கிளெய்ம் என்று பெயர். நம்மவர்கள் சுருக்கமாக டி.வி. கிளெய்ம் என்பார்கள். தமிழில் மதிப்பிழப்பு இழப்பீடு என்று சொல்லலாம். விஷயம் மிக எளிமையானது. ஒரே ஆண்டு, ஒரே மாடல், ஒரே மைல் ஓடிய இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று அடிபடாதது. மற்றொன்று அடிபட்டு, முறையாகச் சரிசெய்யப்பட்டது. இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் எதை வாங்குவீர்கள்? அடிபட்டதை வாங்க வைக்க எவ்வளவு குறைக்க வேண்டியிருக்கிறதோ, அதுதான் மதிப்பிழப்பு.

முன்பெல்லாம் நன்றாகச் சரிசெய்த காரை அடிபடாத கார் போலவே விற்றுவிட முடிந்தது. இப்போது முடியாது. 1984-இல் தொடங்கிய கார்ஃபேக்ஸும், அதன் போட்டியாளரான ஆட்டோசெக்கும் காரின் அடையாள எண்ணை வைத்து அதன் ஜாதகத்தையே எடுத்துக் கொடுத்துவிடுகின்றன. போலீஸ் அறிக்கை, அடிபட்ட காரைச் சரிசெய்யும் பட்டறையான பாடி ஷாப்பின் பதிவு, ஏல மையத்தின் குறிப்பு என்று எங்கிருந்தாவது ஒரு வரி அதில் ஏறிவிடும். ஏறிய வரி இறங்காது.

ஒரு விஷயத்தை இங்கேயே பிரித்துவிடுகிறேன். பெயின்ட் நிறம் ஒத்துப்போகவில்லை, கதவு சரியாகப் பொருந்தவில்லை என்பதெல்லாம் மோசமான வேலையால் வரும் இழப்பு. அதற்குப் பாடி ஷாப்பிடம் திரும்பப் போய் வேலையைச் சரியாகச் செய்யச் சொல்ல வேண்டும். நாம் பேசிக்கொண்டிருப்பது, வேலையில் ஒரு குறையும் இல்லாதபோதும் மிஞ்சி நிற்கிற இழப்பு. “நாங்கள்தான் எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டோமே” என்று அட்ஜஸ்டர், அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக இழப்பைக் கணக்கிடுபவர், சொன்னால், அது இந்தக் கோரிக்கைக்குப் பதிலே ஆகாது.

இந்தியாவில் கார் வைத்திருந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். ஜீரோ டெப்ரிசியேஷன் என்று ஊரில் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்குவோமே, அதுதானே இது என்று கேட்பார்கள். இல்லை. அது, மாற்றப்படும் உதிரிபாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காமல் கொடுப்பது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழிக்கிற வழக்கத்திலிருந்து தப்புவதற்கான வழி, அவ்வளவுதான். காரின் சந்தை விலை விழுந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊரில் வாங்கும் வழக்கமான வாகன பாலிசியில் தேய்மானமும், விபத்தின் தொடர்ச்சியாக வரும் மற்ற இழப்புகளும் கிடையாது என்றே அச்சிட்டிருப்பார்கள்.

அடுத்த கேள்வி, யாரிடம் கேட்பது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

விபத்து நடந்ததும் நாம் முதலில் கூப்பிடுவது நம்முடைய இன்சூரன்ஸ் நிறுவனத்தை. மதிப்பிழப்பையும் அவர்களிடமே கேட்டுப் பார்க்கிறோம். “பாலிசியில் இல்லை” என்கிறார்கள். அத்தோடு விட்டுவிடுகிறோம். அவர்கள் சொல்வது பெரும்பாலான மாநிலங்களில் உண்மையும்கூட. உங்களுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் இடையில் இருப்பது ஓர் ஒப்பந்தம். சரிசெய்து தருகிறோம் என்று அதில் எழுதியிருந்தால் சரிசெய்து தருவதோடு அவர்கள் கடமை முடிந்தது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2003-இல் இப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் உங்களை இடித்தவரோடு உங்களுக்கு ஒப்பந்தம் ஏதும் இல்லை. அவர் உங்கள் சொத்துக்குச் சேதம் விளைவித்தவர். விளைவித்த சேதம் முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு, விலை விழுந்ததும் அந்தச் சேதத்தில் சேர்ந்தது. அவருடைய பொறுப்பைத்தான் அவருடைய இன்சூரன்ஸ் சுமக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய இடம் எதிராளியின் நிறுவனம்.

நான் இருக்கும் ஜார்ஜியா மட்டும் தனிரகம். இங்கே சொந்த நிறுவனத்திடமும் கேட்கலாம். பழுது பார்த்தால் போதாது, விபத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மதிப்பு வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று 1926-லேயே இங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்டவர்களுக்கே கொடுப்பதும் கேட்காதவர்களிடம் வாயைத் திறக்காமல் இருப்பதுமாகக் காலம் போனது. 2001-இல் மாப்ரி என்ற குடும்பத்தினர் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனத்துக்கு எதிராக நடத்திய வழக்கில் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. வாடிக்கையாளர் தன் வாயால் கேட்காவிட்டாலும், சேதம் என்று தெரிவித்தாலே போதும், மதிப்பு குறைந்திருக்கிறதா என்று நிறுவனமே பார்த்துச் சொல்ல வேண்டும் என்றது. அதனால் இந்த மாநிலத்தில் உங்கள் தவறாலேயே காரை இடித்துக்கொண்டாலும், மோதலில் உங்கள் காருக்கு வரும் சேதத்தை ஏற்கும் கொலிஷன் கவரேஜ் இருந்தால் மதிப்பிழப்பு கேட்க இடமிருக்கிறது.

மிச்சிகனில் இருப்பவர்களுக்கு இது கசப்பான செய்தியாக இருக்கும். அங்கே யார் தவறு என்று பார்க்காமல், அவரவர் கார் சேதத்தை அவரவர் இன்சூரன்ஸே பார்த்துக்கொள்ளும் முறை. இடித்தவரிடமிருந்து கார் சேதத்துக்காக அதிகபட்சம் 3,000 டாலர் வாங்கலாம், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இன்னொரு உச்சவரம்பும் உண்டு. இடித்தவர் எடுத்திருக்கும் பாலிசியின் அளவு அது. ஜார்ஜியாவில் சொத்துச் சேதத்துக்குக் குறைந்தபட்சம் 25,000 டாலர் எடுத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2024 முடியும்வரை அது வெறும் 5,000 டாலர். 2025 ஜனவரி முதல்தான் 15,000 ஆனது. பழுதுச் செலவு, வாடகைக் கார், மதிப்பிழப்பு மூன்றும் இந்த ஒரே பானையிலிருந்துதான் வர வேண்டும். பழுதுச் செலவே பானையைக் காலி செய்துவிட்டால் மிச்சத்தை இடித்தவரிடமே கேட்க வேண்டியதுதான்.

என் கதைக்கு வருகிறேன். விபத்து நடந்து மூன்றேகால் ஆண்டு கழித்துத்தான் எனக்கே இது தெரிந்தது. காலம் கடந்துவிட்டது என்று நினைத்து நொந்துகொண்டிருந்தபோது, கம்மிங்கில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: “ஏன் அண்ணா, ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களா?” வீட்டில் தேடிப் பார்த்தேன். பழுதுக்கான காசோலை நேராகப் பாடி ஷாப்புக்குப் போயிருந்தது. நான் எதிலும் கையெழுத்திடவில்லை. “அப்படியானால் இன்னும் நேரம் இருக்கிறது” என்றார்.

ஜார்ஜியாவில் பொருள் சேதத்துக்கு வழக்குத் தொடுக்க 4 ஆண்டுகள் அவகாசம். டெக்சாஸில் 2, கலிபோர்னியாவிலும் வட கரோலினாவிலும் 3, நியூ ஜெர்சியில் 6. இந்த அவகாசத்தைவிட ஆபத்தானது அந்தக் கையெழுத்துத்தான். காசோலையோடு ரிலீஸ் என்று ஒரு தாள் வரும். “இந்த விபத்தால் எழும் எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் தீர்ந்தன” என்ற பொருளில் ஒரு வாக்கியம் அதில் எங்காவது இருக்கும். அதில் கையெழுத்திட்டால் நான்கு ஆண்டு என்ன, நாற்பது ஆண்டு இருந்தும் பயனில்லை.

நான் அந்த மாணவியின் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது: 660 டாலர் தருகிறோம். எப்படி வந்தது இந்த எண்? அட்ஜஸ்டர் ஒரு பக்கக் கணக்கை இணைத்திருந்தார். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் நாடு முழுக்க இதையே நீட்டுகிறார்கள்.

இதற்கு 17-சி சூத்திரம் என்று பெயர். மாப்ரி வழக்கில் ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரிலுள்ள நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் 17-ஆவது பத்தியில், சி பிரிவில் வந்ததால் இந்தப் பெயர். முதலில் காரின் விபத்துக்கு முந்தைய மதிப்பில் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். என் கார் 22,000, ஆகவே 2,200. அதைச் சேதத்தின் அளவால் பெருக்குவார்கள். கட்டமைப்பே கடுமையாகச் சிதைந்திருந்தால் 1, நடுத்தரச் சேதம் என்றால் 0.5, சிறு சேதம் என்றால் 0.25. எனக்கு 0.5 போட்டார்கள், 1,100 ஆனது. பிறகு மைல். 20,000-க்குக் கீழே ஓடியிருந்தால் 1, 40,000-க்குள் 0.8, 60,000-க்குள் 0.6 என்று இருபதாயிரத்துக்கு ஒரு படியாக இறங்கி, ஒரு லட்சம் மைலைத் தொட்டதும் பூஜ்யம். எனக்கு 0.6 போட்டு 660 என்று முடித்திருந்தார்.

இதில் முதல் தவறு கண்ணெதிரே இருந்தது. அவர் எடுத்தது 2024-இல் கார் காட்டிய 58,000 மைலை. விபத்து நடந்த அன்று ஓடியிருந்தது 21,000. மதிப்பிழப்பு என்பது விபத்துக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் உள்ள வித்தியாசம், மூன்றாண்டு கழித்து உள்ள நிலவரம் அல்ல. சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டு 880 ஆக்கினார்.

ஆனால் சூத்திரமே கோணல். 10 சதவீதத்துக்கு மேல் எந்தக் காரும் விலை இழக்காது என்று சந்தையில் யார் சொன்னது? அதைவிட எனக்கு எரிச்சலூட்டியது மைல் விவகாரம். 22,000 என்ற மதிப்பே 21,000 மைல் ஓடிய கார் என்பதைப் பார்த்துக் குறைத்துச் சொன்ன விலை. அதிலிருந்து மறுபடியும் மைலுக்காக 20 சதவீதம் வெட்டுவது, ஒரே டிக்கெட்டை இரண்டு முறை கிழிப்பது போல. ஒரே வழக்கின் தேவைக்காக வந்த கணக்கு இது. ஜார்ஜியா இன்சூரன்ஸ் ஆணையரின் அலுவலகமே 2008-இல், எந்தச் சூத்திரத்தையும் தான் அங்கீகரிக்கவில்லை என்று நிறுவனங்களுக்கு எழுதிவிட்டது. ஆகவே “இதுதான் சட்டப்படியான கணக்கு” என்று தொலைபேசியில் யாராவது சொன்னால், எந்தச் சட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். எனக்குப் பதில் வரவேயில்லை.

சூத்திரத்தைச் சூத்திரத்தால் வெல்ல முடியாது, சந்தையால்தான் வெல்லலாம். நான் செய்தது இதுதான். பாடி ஷாப்பிலிருந்து இறுதி விலைப்பட்டியலை வாங்கினேன். முதலில் கொடுக்கும் மதிப்பீடு போதாது. காரைப் பிரித்த பிறகு கண்டுபிடித்த கூடுதல் சேதமெல்லாம் இறுதிப் பட்டியலில்தான் இருக்கும். என்னுடையதில் இரண்டு வரிகள் எடை கூடியவை. டிக்கியின் தளத்தை இழுத்து நேராக்கியது ஒன்று. வலது குவார்ட்டர் பேனலை, அதாவது பின்சக்கரத்துக்கு மேலே உள்ள பக்கத்தகட்டை, அறுத்து எடுத்துப் புதியதை வெல்டு செய்தது மற்றொன்று. பம்பர் போல்ட்டில் நிற்பது, கழற்றி மாற்றினால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. குவார்ட்டர் பேனல் காரின் உடலோடு ஒட்டிய சதை. அதை அறுத்தார்கள் என்று தெரிந்தாலே டீலர்கள் முகம் சுளிப்பார்கள்.

பிறகு மூன்று டீலர்களிடம் விபத்து நாளின் மைலையும் பழுதுப் பட்டியலையும் காட்டி, இந்தக் காருக்கு விபத்து வரலாறு இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். ஒருவர் தன் கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தார், நல்ல மனிதர். அதோடு சில நூறு டாலர் கொடுத்து ஒரு தனி மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கினேன். அவர் 3,300 என்றார். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரே தரமில்லை. காரையே பார்க்காமல், கேட்ட எண்ணை நிரப்பிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒப்பிடும் விற்பனைகளைக் காட்டாத அறிக்கை காகிதத்துக்கும் பெறாது.

எல்லாவற்றையும் சேர்த்து, 3,300 டாலர் கேட்டு, 60 நாள் கெடு வைத்துச் சான்றிட்ட தபாலில் அனுப்பினேன். அந்த 60 நாள் என் கற்பனை இல்லை. அந்தக் கெடுவுக்குள் நிறுவனம் நேர்மையாகத் தீர்க்காமல் இழுத்தடித்தது என்று பின்னர் நிரூபணமானால், தொகையில் பாதி அல்லது 5,000 டாலர், இரண்டில் எது கூடுதலோ அதைக் கூடுதலாகச் செலுத்த வேண்டிவரும் என்று ஜார்ஜியா சட்டத்தில் இருக்கிறது. வட கரோலினாவில் வேறொரு வசதி உண்டு. இரு தரப்பும் சொல்லும் தொகைக்கு இடையே இடைவெளி பெரிதாக இருந்தால், ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை நியமித்து, அவர்களும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு நடுவரை வைத்துத் தீர்க்கச் சட்டமே வழி சொல்கிறது.

இசையாவிட்டால், சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். ஜார்ஜியாவில் 15,000 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம். இங்கேதான் எனக்கு மனம் தயங்கியது. வழக்குப் போட வேண்டியது நிறுவனத்தின் மீது அல்ல, இடித்தவர் மீது. விபத்தன்று அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்ட அந்த மாணவியை நீதிமன்றத்துக்கு இழுப்பதா? நண்பர் சிரித்தார். “அவர் பிரீமியம் கட்டியதே இதற்குத்தான், அண்ணா. வக்கீல் வைத்து நடத்துவதும் பாலிசிக்குள் பணம் கொடுப்பதும் நிறுவனத்தின் வேலை.” அது சரிதான் என்றாலும், அந்த நிலை வராமல் இருந்ததில் எனக்கு நிம்மதி.

எல்லோரும் இந்த வேலையில் இறங்க வேண்டியதில்லை. ஒன்றரை லட்சம் மைல் ஓடிய பழைய கார், ஏற்கெனவே விபத்துப் பதிவு உள்ள கார், பம்பரில் கீறல் மட்டும் விழுந்த கார் என்றால், மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கும் பணமே தேறாது. டோட்டல் லாஸ் என்று முழு மதிப்பையும் கொடுத்துவிட்டால் மதிப்பிழப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. லீஸ் கார் என்றால் அதன் உரிமையாளர் லீஸ் நிறுவனம், இழப்பும் அவர்களுடையது. கடனில் வாங்கிய கார் என்றால் கவலை வேண்டாம், நீங்களே கேட்கலாம். விலை விழுந்தாலும் கடன் விழாது, இழப்பு உங்களுடையதுதான்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அட்ஜஸ்டரின் மேலதிகாரி கூப்பிட்டார். 1,800 என்றார், நான் 3,000 என்றேன். இரண்டு நாள் கழித்து 2,600-இல் நின்றோம். காசோலைக்கு முன்னால் ரிலீஸ் தாள் மின்னஞ்சலில் வந்தது. சொத்துச் சேதம் என்று தலைப்பு. உள்ளே மூன்றாவது பத்தியில் “உடல் காயம் உட்பட” என்று மூன்று சொற்கள். எனக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் அன்று காரில் முன்னிருக்கையில் என் மனைவி இருந்தார், குளிர்காலம் வந்தால் இன்னும் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார். அந்தச் சொற்களை நீக்கித் தரும்படி எழுதினேன். மறுநாள் மாலை திருத்திய தாள் வந்தது. அதை மூன்று முறை படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.